கரண்ட் ஸ்மோக்கரில் முதல் பிரிஸ்கட்

கத்தாரில் இருந்து மச்சான் கொண்டுவந்த கரண்ட் ஸ்மோக்கரை (மரப்புகையில் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பெட்டி) காத்தான்குடி வீட்டுப் பின்வளவில் வைத்து, போன வெள்ளிக்கிழமை முதல் தடவையாகப் பிரிஸ்கட், அதாவது மாட்டு நெஞ்சிறைச்சி போட்டேன். நம்மூர் மாட்டில் கொழுப்புக் குறைவு. அதனால் இறைச்சிக்கடை நானாவிடம் சொல்லி, கொழுப்பைச் சீவாத நெஞ்சுப்பகுதி மூன்று கிலோ வாங்கினேன். உப்பும் மிளகும்தான், வேறொன்றும் இல்லை.

சூட்டை 107 பாகையில் வைத்துவிட்டால் பெட்டி தானாகப் பார்த்துக்கொள்கிறது. கரி அடுப்போடு மல்லுக்கட்டியவனுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் புகைக்கு மரச்சீவல் போடுகிற தட்டு சின்னது. முக்கால் மணிக்கொரு தடவை மாமரச் சீவல் போட வேண்டியிருந்தது. கதவோரத்தாலும் புகை கசிகிறது. கொடியில் காய்ந்த உடுப்பையெல்லாம் உம்மா என்னையே திரும்பக் கழுவ வைத்தா.

இறைச்சியின் உட்சூடு 68 பாகையில் மூன்று மணித்தியாலம் அசையாமல் நின்றது. அடுப்புப் பழுது என்று மச்சானைத் திட்டிவிட்டேன், பாவம். ஈரம் ஆவியாகும்போது இறைச்சி குளிர்வதால்தான் அப்படி நிற்குமாம். தாளில் சுற்றியதும் ஏறியது. 95இல் எடுத்து ஒரு மணித்தியாலம் ஆறவிட்டேன்.

தடித்த பக்கம் பஞ்சு. கரி அடுப்பில் இறைச்சியின் ஓரத்தில் வருகிற சிவப்பு வளையம் மட்டும் இல்லை. மெல்லிய முனை காய்ந்துபோனது; அதை மறுநாள் கொத்து ரொட்டிக்குள் போட்டோம், சட்டி வழித்துத் தின்றார்கள்.