மாதச் சாமான்: சதொசவா, பூட் சிற்றியா, டராஸா?

எங்கள் வீட்டு மாதச் சாமான் இப்போது பெரும்பாலும் அரசாங்கக் கடையான சதொசவில் இருந்துதான் வருகிறது. முன்பு கார்கில்ஸ் கொம்பனியின் பூட் சிற்றி சுப்பர்மார்க்கெட்டில் எடுத்தோம், இடையில் கொஞ்சக் காலம் டராஸ் என்ற இணையக் கடையிலும் வாங்கிப் பார்த்தோம். ஆக, நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

அரிசியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. படுவான்கரையில் வேளாண்மை செய்யும் சொந்தக்காரர் இருந்தால் மட்டக்களப்பில் யாரும் அரிசிக்குக் கடை தேடமாட்டார்கள். அறுவடை முடிய நெல் மூட்டை வீட்டுக்கு வந்துவிடும். மீனுக்குச் சந்தை இருக்கிறது. மிச்சம் பருப்பு, சீனி, கோதுமை மா, வெங்காயம், செத்தல் மிளகாய், டின்மீன், சவர்க்காரம்.

குளிரூட்டி, வெளிச்சம், வாகனம் நிறுத்த இடம் எல்லாம் பூட் சிற்றியில் நல்லம். அதில் பேச ஒன்றுமில்லை. பால்மா, பிஸ்கட், சவர்க்காரம் போன்றவற்றில் விலை அச்சடித்தே வருவதால் எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் வருவது நிறுத்து விற்கும் சாமானில். பருப்பு, சீனி விலையைச் சதொச குறைத்தது என்று செய்தியில் சொன்னால், நாலு நாளில் ஒழுங்கைக் கடைக்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார். சதொசப் படியே மிதிக்காதவருக்கும் அதில் லாபம்.

டராஸ் ஏன் இங்கே தோற்கிறது? பாரம்தான் காரணம். ஒரு போன் கவர், ஒரு சார்ஜர் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு டராஸில்தான் போடுவேன். நவம்பர் 11 மலிவு விற்பனை வந்தால் வீட்டில் எல்லோருடைய கையிலும் போன்தான். ஆனால் ஒரு கிலோ சீனியில் விற்கிறவருக்கு மிஞ்சுவதே சில ரூபாய். அந்தச் சீனியைக் கொழும்பில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஏற்றி, இங்கே இறக்கிப் பிரித்து, ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வைத்து, "அண்ணே, கல்லடிப் பாலம் தாண்டி எந்தப் பக்கம்?" என்று இரண்டு தரம் கோல் எடுத்து, படலையில் கொண்டுவந்து தர வேண்டும். அந்தக் கூலியை அந்தச் சில ரூபாயால் தாங்க முடியாது. ஒன்றில் சீனி விலையில் ஏறும், இல்லாவிட்டால் டெலிவரிக் காசாக வரும்.

சதொசவுக்கும் சாமான் லொறியில்தான் வருகிறது. ஆனால் ஒரு லொறி முழுக்க வருவதால் ஒரு கிலோவுக்கு விழும் கூலி சொற்பம். கடையில் இருந்து வீடு வரைக்கும் கூலி வாங்காத சுமைகாரன் நான்தான். மலிவுக் கடையின் மலிவில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் பெரிய முதலாளிகளும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். 1962இல் தொடங்கிய மலிவுக் கடை வால்மார்ட். அமேசானைப் பிடிக்க 2016இல் ஜெட் என்ற இணையக் கடையை 330 கோடி டொலருக்கு வாங்கி, 2020இல் அதை மூடிவிட்டது. கைகொடுத்தது ஏற்கெனவே ஊர் ஊராக இருந்த கடைகள்தான். போனில் ஓடர் போட்டுவிட்டு, போகிற வழியில் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம். அமேசானோ 2017இல் 1370 கோடி டொலர் கொடுத்து ஹோல் புட்ஸ் என்ற மளிகைக் கடைகளை வாங்கியது. இணையத்திலேயே வளர்ந்த கொம்பனிக்கும் கறிகாய் விற்கச் சுவரும் கூரையும் தேவைப்பட்டது.

இன்னொரு விஷயம், பருப்பு. பையைத் தூக்கி அடியைப் பார்ப்பேன். உடைசலும் மாவும் அடியில் படிந்திருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். டராஸ் படத்தில் எல்லாப் பருப்பும் முழுப் பருப்புத்தான்.

பூட் சிற்றிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது மலைநாட்டு மரக்கறி. கார்கில்ஸ் 1999 முதல் விவசாயிகளிடம் நேரடியாகவே மரக்கறி எடுக்கிறது. கரட், லீக்ஸ், போஞ்சி வாங்க நான் இன்னும் அங்கேதான் போகிறேன். வங்கி அட்டைக்கு விலைக்கழிவு தரும் நாளாகப் பார்த்துப் போனால் பில்லும் அவ்வளவு உறுத்தாது. உறைய வைத்த இறைச்சி, சொசேஜ் எல்லாம் நாங்கள் அவ்வளவாக வாங்குவதில்லை, அதனால் அந்தப் பகுதிக்கு என் தீர்ப்பை எடுக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் கணக்கு மாறலாம். நப்பி பாரமில்லாத சாமான், இணையத்தில் பெரிய பெட்டியாக வாங்கினால் கட்டுப்படியாகும் என்று தங்கச்சி சொல்கிறாள்.

சதொசவில் பிராண்ட் தெரிவு குறைவு. ஒரே சம்போ, ஒரே தேயிலை என்று பிடிவாதமாக நிற்கிறவர்களுக்குச் சரிவராது. எங்கள் வீட்டிலும் தேயிலைக்கு மட்டும் வேறு கடைதான். அப்புறம், மொத்தமாக எடுக்கிறவர்கள் காத்தான்குடிக் கடைகளில் ஒருதரம் விலை கேட்டுவிட்டுப் போங்கள். கலியாணம், அந்தியேட்டி என்று மூட்டைக் கணக்கில் வாங்கும்போது அங்கே பேரம் பேசலாம். சதொசவில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை.