கையெழுத்து போதுமா, திரும்பப் பெறும் உரிமை வேண்டுமா?

பாலியல் படங்களில் நடிப்பவரின் சம்மதத்தை உறுதிசெய்ய அமெரிக்கா ஒரு வழி வைத்திருக்கிறது, ஜப்பான் இன்னொரு வழி. சட்ட மாணவர்களுக்குப் பாடம் எடுக்க இரண்டில் ஒன்றை முன்மாதிரியாக வைக்க வேண்டி வந்தபோது, நான் ஜப்பானின் வழியைத்தான் எடுத்தேன்.

இந்தத் தொழிலே கூடாது என்பாரும், வயது வந்தவர் விருப்பத்தில் யாரும் தலையிடக் கூடாது என்பாரும் பேசுவது நாம் கேட்டுப் பழகியதுதான். அந்த வாதம் முடியும்வரை கேமரா காத்திருக்கப்போவதில்லை. அதற்குள் நடிக்க வருகிற பெண்ணுக்கு எது பாதுகாப்பு என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் நடிப்பவரின் வயதுச் சான்றைத் தயாரிப்பாளர் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1988இல் வந்தது. மற்றதை ஒப்பந்தம் பார்த்துக்கொள்ளும். இது எங்கே உடைகிறது என்பதை சான் டியாகோவின் ‘கேர்ள்ஸ் டூ பார்ன்’ என்ற பாலியல் வீடியோ இணையதளத்தின் மீதான வழக்கு காட்டியது. மாடலிங் வேலை என்று விளம்பரம். வந்த இளம்பெண்களிடம், படம் இணையத்தில் வராது, வெளிநாட்டில் டிவிடியாக மட்டும் விற்கும் என்று உறுதி சொன்னார்கள். ஹோட்டல் அறையில் பத்திரத்தை நீட்டி, நிதானமாகப் படிக்க விடாமல் கையெழுத்து வாங்கினார்கள். அதில் இணையதளத்தின் பெயரே இல்லை. வயது சரி, கையெழுத்தும் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு.

2020 ஜனவரியில் நீதிமன்றம் அந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்றது. 22 பெண்களுக்குச் சுமார் 1.27 கோடி டாலர் இழப்பீடும், அவர்கள் இருந்த வீடியோக்களின் உரிமையும் கிடைத்தன. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் அந்த வீடியோக்கள் எங்கெங்கோ பரவி, குடும்பத்தாரும் கூடப் படித்தவர்களும் பார்த்தாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் கட்டணச் சேவையை நிறுத்தியதும், அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய லட்சக்கணக்கான வீடியோக்களை போர்ன்ஹப் என்ற பாலியல் வீடியோ தளம் எடுத்தது. அதுவும் ஏற்றியவர் யார் என்று பார்த்ததே தவிர, படத்தில் இருப்பவருக்கு இன்னும் சம்மதமா என்று கேட்கவில்லை.

ஜப்பானில் 2022 ஏப்ரலில் வயது வந்தவர் என்று சட்டம் ஏற்கும் வயது 20இலிருந்து 18ஆக இறங்கியது. பெற்றோர் சம்மதமின்றிப் போட்ட ஒப்பந்தத்தை ரத்துசெய்ய 18, 19 வயதினருக்கு இருந்த உரிமை அதோடு போனது. அந்த ஓட்டையை அடைக்கத் தொடங்கிய முயற்சி, ஜூனில் எல்லா வயதினருக்குமான தனிச் சட்டமாக வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் தனி எழுத்து ஒப்பந்தம். அது போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் படப்பிடிப்பு, அது முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் வெளியீடு. வெளியிடும் முன் நடித்தவர் காட்சிகளைப் பார்க்க வாய்ப்பு தர வேண்டும். வெளியான பிறகும் ஓராண்டுக்குள் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்துசெய்யலாம். அதற்காக அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் படப்பிடிப்பில் ஒரு செயலுக்கு மறுக்கலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தக் கால அவகாசம்தான். ஏமாற்றுகிறவனுக்கு அவசரம் வேண்டும். சான் டியாகோ பெண்ணுக்கு ஒரு மாதம் கிடைத்திருந்தால் ஊருக்குத் திரும்பி, தோழியிடம் பத்திரத்தைக் காட்டி, நிறுவனத்தைப் பற்றி விசாரித்திருப்பாள். நான்கு மாதம் கிடைத்திருந்தால் வீடியோ வெளியே போகும் முன்பே தடுத்திருப்பாள். நீதிமன்றம் பல வருடம் கழித்துத் தந்ததைவிட அது பெரிது. நஷ்டஈட்டு விலக்கும் சும்மா வந்ததல்ல. நடிக்க மறுத்த பெண்ணிடம் 2 கோடி யென்னுக்கு மேல் கேட்டு ஒரு நிறுவனம் போட்ட வழக்கை டோக்கியோ நீதிமன்றம் 2015இல் தள்ளுபடி செய்தது. கோர்ட் வரை போகத் துணியாதவர்களுக்கு அந்த மிரட்டலே போதுமானதாக இருந்திருக்கும்.

இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் விரும்பி நடிப்பவர்களும் உண்டு. படப்பிடிப்புகள் ரத்தாகி வருமானம் போனது, எங்களைக் கேட்காமலே சட்டம் போட்டார்கள் என்றார்கள். அந்தத் தொழிலில் இல்லாத நான் அந்த இழப்பைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். தன் விருப்பம் தெரிந்து வருகிறவளை ஏமாற்றப்படக்கூடியவளாகவே நடத்துவதும் ஒருவகை அவமதிப்புதான். அதனால் பல படங்களில் நடித்தவர் தானே எழுதிக் கேட்டால் அந்த முதல் ஒரு மாதத்தைக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். நான்கு மாதத்திலும் ஓராண்டிலும் கைவைக்கக் கூடாது.