மாத விற்பனை ரிப்போர்ட்: பவர் பிஐ-யா, எக்செல் பவர் குவெரியா?

வேலூரில் ஒரு மொத்த விற்பனைக் கடைக்கு மாத ரிப்போர்ட் போடுவது என் வேலை. பில்லெல்லாம் டேலியில். ஆற்காடு லைன், குடியாத்தம் லைன், ஆம்பூர் லைன், அரக்கோணம் லைன் என்று சரக்கு போகிறது. எந்த ஊரில் எது ஓடுகிறது, எந்தக் கடை வாங்குவதை நிறுத்திவிட்டது என்பது முதலாளிக்கு மாதம் பிறந்ததும் தெரிய வேண்டும். இதற்காக மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருளான பவர் பிஐ, எக்செலுக்குள்ளேயே இருந்து தரவை எடுத்துச் சுத்தம் செய்யும் பவர் குவெரி, இணையத்தில் ரிப்போர்ட் போடும் கூகுளின் லுக்கர் ஸ்டூடியோ மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எக்செலில் நின்றுவிட்டேன். எங்கள் அளவுள்ள கடைகளுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். படத்தின் அழகில் பவர் பிஐ-க்குப் பக்கத்தில் எக்செல் வராது. எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிதான் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் பவர் குவெரியிலிருந்து நேராக டேட்டா மாடலுக்கு (ஷீட்டில் கொட்டாமல் ஃபைலுக்குள்ளேயே தரவை வைக்கும் இடம்) ஏற்றினால் அந்த வரம்பு குறுக்கே வராது. லுக்கர் ஸ்டூடியோ இலவசம், கூகுள் ஷீட்டிலேயே கணக்கு வைப்பவர்களுக்கு நல்லது. டேலியிலிருந்து எடுத்ததைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் அங்கே நம் கைக்கே வந்துவிடும். இதே வகை மென்பொருளான டேப்லோவில் எனக்குப் பழக்கம் குறைவு. அதன் இலவச ‘பப்ளிக்’ தளத்தில் வெளியிடுவதை ஊரே பார்க்கலாம் என்பதால், கடைக் கணக்கை அங்கே ஏற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி: இந்த ரிப்போர்ட்டை அடுத்த வருடமும் யார் பார்த்துக்கொள்வது?

எங்கள் பக்கத்து உதாரணமே போதும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போயின. லெட்ஜர் முகவரியில் பழைய கடைகள் ‘வேலூர்’ என்றே கிடக்க, புதிதாகச் சேர்ந்தவை புது மாவட்டப் பெயரில் வருகின்றன. 1989-இலேயே பிரிந்துபோன வட ஆற்காட்டை இன்னும் முகவரியில் எழுதும் கடைகளும் உண்டு. இதை அப்படியே கூட்டினால் வேலூர் விற்பனை விழுந்த மாதிரி ஒரு படம் வரும். விழுந்திருக்கவே இருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்ட எண்களோ பழைய வேலூருக்கானவை. தலைக்கு எவ்வளவு விற்கிறது என்று பார்க்கப் பழைய எல்லையும் வேண்டும்; இன்றைய லைனைப் பார்க்கப் புது எல்லையும் வேண்டும்.

இதற்கு மருந்து ஒரு சின்ன ‘ஊர் மாஸ்டர்’ டேபிள்: பின்கோடு, ஊர், தாலுகா, பழைய மாவட்டம், புது மாவட்டம், லைன். பில் தரவை இதோடு பின்கோடால் இணைத்துவிட்டால் இரண்டு கணக்கும் ஒரே பிவட்டில் (தரவைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் டேபிள்) வரும். ஊர்ப் பெயரால் இணைக்காதீர்கள். ராணிப்பேட்டையை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். திருப்பத்தூரோ சிவகங்கை மாவட்டத்திலும் இருக்கிறது. பவர் பிஐ மேப்பில் வெறும் பெயரைக் கொடுத்தால் புள்ளி எந்தத் திருப்பத்தூரில் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 635601 என்றால் நம் பக்கத்துத் திருப்பத்தூர் என்பதில் குழப்பம் இல்லை.

இந்த இணைப்பைப் பவர் பிஐ-யும் செய்யும், உள்ளே இருப்பது அதே பவர் குவெரிதான். வித்தியாசம் பராமரிப்பில் வருகிறது. எக்செலில் ஊர் மாஸ்டர் அதே ஃபைலில் ஒரு ஷீட். நான் லீவில் இருந்தாலும் பில்லிங் பார்க்கும் பெண் பேரணாம்பட்டில் சேர்ந்த புதுக் கடையின் பின்கோடை ஒரு வரி சேர்த்து, ‘ரெஃப்ரெஷ் ஆல்’ அழுத்தினால் முடிந்தது. பவர் பிஐ-யில் அந்த டேபிளை உள்ளேயே தட்டி வைத்தால், ‘பவர் பிஐ டெஸ்க்டாப்’ மென்பொருள் தெரிந்தவர்தான் அதைத் திறந்து திருத்த முடியும். வெளியே ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு எக்செல் ஃபைலாக வைத்து ரிப்போர்ட்டை இணையத்தில் ஏற்றினால், அது தானாகப் புதுப்பிக்க அதே கம்ப்யூட்டரில் தரவை இணையத்துக்குக் கடத்தும் ‘கேட்வே’ ஓட வேண்டும், கரண்ட் போனால் அதுவும் நிற்கும். உரிமச் செலவும் சேர்கிறது: டெஸ்க்டாப் இலவசம்தான், பகிர்ந்துகொள்ள ‘ப்ரோ’ உரிமம் போடுபவருக்கும் வேண்டும், பார்ப்பவருக்கும் வேண்டும். பட்டியல் விலை 2025 ஏப்ரலில் ஆளுக்கு மாதம் 10 டாலரிலிருந்து 14 டாலர் ஆனது.

எக்செலில் இறங்குபவர்கள் சில விஷயங்களைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ளுங்கள். மாதாந்திர ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, ஃபோல்டரையே மூலமாகக் கொடுங்கள். எக்ஸ்போர்ட்டில் ஒரு நெடுவரிசையின் பெயர் மாறினால் பவர் குவெரி தானாகச் சேர்க்கும் ‘சேஞ்ச்டு டைப்’ படியில் எல்லாம் நின்றுவிடும். ஆகவே அந்தப் படியை நீக்கி, தேவையான நெடுவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு வகை கொடுங்கள். தேதிக்கு ‘யூசிங் லோக்கேல்’ போய் இங்கிலிஷ் (இந்தியா) தேர்ந்தெடுப்பது மிக முக்கியம். அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 3 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும், 13-ஆம் தேதி முதல்தான் பிழை கண்ணில் படும். மாஸ்டரில் இல்லாத பின்கோடுகளை ‘லெஃப்ட் ஆன்டி’ (பொருந்தாத வரிகளை மட்டும் தரும்) இணைப்பில் தனி ஷீட்டாக எடுத்து வையுங்கள். அந்த ஷீட் காலியாக இருந்தால்தான் ரிப்போர்ட் வெளியே போகலாம்.

எத்தனை கடை வாங்கியது என்று எண்ண சாதாரண பிவட்டில் வழியில்லை. பிவட் போடும்போதே டேட்டா மாடலில் சேர்க்கும் டிக்கைப் போட்டால் ஒரு கடையை ஒரு முறை மட்டும் எண்ணும் ‘டிஸ்டிங்க்ட் கவுண்ட்’ கிடைக்கும். லாப சதவீதத்தை பில் பில்லாகக் கணக்கிட்டு சராசரி எடுக்காதீர்கள். மொத்த லாபத்தை மொத்த விற்பனையால் வகுக்கும் மெஷர் (மாடலில் எழுதும் சூத்திரம்) எழுதுங்கள்.

பவர் பிஐ-யே வேண்டும் என்பவர்களுக்கு: எண்ணைச் சுருக்கிக் காட்டும் அதன் டிஸ்ப்ளே யூனிட்டில் மில்லியன் உண்டு, லட்சம் இல்லை. மெஷரையே 1,00,000-ஆல் வகுத்துவிடுங்கள். வருடத் தொடக்கத்திலிருந்து கூட்டும் கணக்கில் ஆண்டு முடிவு மார்ச் 31 என்று கொடுக்காவிட்டால் ஜனவரியிலிருந்து கூட்டும்.

சிஎம்சி மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் என்பதால் ஆய்வுத் தரவோடு இருப்பவர்களும் கேட்கிறார்கள். பரிசோதனை முடிவு, ரிக்ரஷன் என்று போனால் இந்த இரண்டும் போதாது. புள்ளியியலுக்கான ‘ஆர்’ மொழி இலவசம்; செய்ததெல்லாம் ஸ்க்ரிப்டாகப் பதிவாகி இருக்கும். நான் அதில் நிறைய வேலை செய்ததில்லை, இன்னொரு புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்-ஐயும் அதையும் எடைபோட நான் சரியான ஆள் அல்ல.

எக்செல் தோற்கும் இடம் ஒன்று உண்டு. பிவட் ஃபைலை அனுப்பினால் உள்ளே இருக்கும் மொத்தத் தரவும் கூடவே போகும். ஷீட்டை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. ஆம்பூர் லைன் பையன் ஆம்பூரை மட்டும் தன் போனில் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தால் பவர் பிஐ-யின் ‘ரோ லெவல் செக்யூரிட்டி’க்குப் போய்விடுங்கள். அதுவரை எக்செலில் செய்தது வீணாகாது: பவர் பிஐ டெஸ்க்டாப்பின் ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்தால் குவெரிகளும் மாடலும் மெஷர்களும் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். பிவட்டும் படங்களும் மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.