ஏற்றத்தாழ்வு பற்றி புராஜெக்ட் செய்பவர்களுக்கு: டபிள்யூஐடி தளம் எப்படி?

ஏற்றத்தாழ்வு என்று தலைப்பு கிடைத்ததும் மாணவர்கள் முதலில் போய் நிற்பது ஜினி குறியீட்டில்தான். 0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே. எழுத வசதி. ஆனால் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அந்த ஒற்றை எண் சொல்லாது. நடுத்தட்டு இளைத்த நாட்டுக்கும் அடித்தட்டு இளைத்த நாட்டுக்கும் ஒரே ஜினி வரலாம். அங்கே கைகொடுப்பது வேர்ல்ட் இன்ஈக்வாலிட்டி டேட்டாபேஸ், சுருக்கமாக டபிள்யூஐடி. 2011இல் மேல்தட்டு வருமானங்களுக்கான தளமாகத் தொடங்கி, 2017இல் இப்போதைய பெயரில் விரிந்தது. இலவசம்.

இதன் பெரிய பலம் மேல் 1 சதவீதம். வீடு வீடாகக் கேட்கும் சர்வேயில் பெரும் பணக்காரர்கள் சிக்குவது அரிது. சிக்கினாலும் குறைத்துச் சொல்வார்கள். இங்கே சர்வேயோடு வருமான வரிக் கணக்கையும் தேசியக் கணக்கையும் பொருத்துகிறார்கள். கம்பெனி பங்கிட்டுக் கொடுக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்ட லாபம்கூட உரிமையாளர்கள் கணக்கில் ஏறும். அதனால் உலக வங்கி எண்களைவிட இங்கே இடைவெளி பொதுவாகப் பெரிதாகத் தெரியும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு "ஏற்றத்தாழ்வு அதிகரித்துவிட்டது" என்று எழுதினால் வைவாவில் மாட்டுவது உறுதி. உலக வங்கி பல நாடுகளுக்கு அளப்பது குடும்பச் செலவை. பணக்காரர் சேமித்து வைப்பது அதில் வராதே!

'வரிக்கு முந்தைய வருமானம்' என்ற பெயரும் கொஞ்சம் ஏமாற்றும். ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீட்டுத் தொகையும் அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். மற்ற அரசு உதவிகள் சேராது.

புதிதாக வருகிறவர்களை விரட்டுவது ஒவ்வொரு தரவுக்கும் பெயராக வைத்திருக்கும் ஆங்கிலக் குறியீடுகள், sptinc992j மாதிரி. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: எஸ் (s) என்றால் பங்கு, ஏ (a) என்றால் சராசரி, டி (t) என்றால் அந்தத் தட்டுக்குள் நுழையத் தேவையான குறைந்தபட்சத் தொகை. நடுவில் வரும் 992 என்பது 20 வயதைக் கடந்தவர்கள். கடைசி ஜே (j), தம்பதியின் வருமானத்தைச் சரிபாதியாகப் பிரித்திருக்கிறது என்று பொருள். பி0பி50 (கீழ்ப்பாதி), பி50பி90 (நடு 40 சதவீதம்), பி90பி100 (மேல் 10 சதவீதம்) மூன்றின் பங்குகளையும் கூட்டினால் 100 சதவீதம் வர வேண்டும். சிலர் மேல் 1 சதவீதமான பி99பி100ஐயும் நான்காவது துண்டாகச் சேர்த்து வட்ட வரைபடம் போட்டுவிடுகிறார்கள். அந்த 1 சதவீதத்தினர் மேல் 10க்குள்ளேயே இருப்பவர்கள், கூட்டல் 100ஐத் தாண்டிவிடும்.

இறக்குகிற சிஎஸ்வி கோப்பில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. எக்செல் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டினால் பயப்பட வேண்டாம். இறக்குமதி செய்யும்போது பிரிப்பானை மாற்றினால் போதும்.

வர்க்கம் பற்றி எழுதுகிறவர்கள் வருமானப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, சொத்துப் பக்கத்துக்கும் போக வேண்டும். இந்தத் தளத்தை நடத்தும் குழுவின் 2022 அறிக்கைப்படி உலக வருமானத்தில் மேல் 10 சதவீதத்தினருக்கு 52 சதவீதம், கீழ்ப்பாதிக்கு 8.5. சொத்தில் அதே கணக்கு 76க்கு 2. சம்பளம் இன்று வந்து நாளை நிற்கலாம். வாடகையும் டிவிடெண்டும் பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் ஒன்று: சதவீதத் தட்டு வேறு, வர்க்கம் வேறு. ஒரே தட்டில் சம்பள மருத்துவரும் இருப்பார், வாடகையில் வாழ்பவரும் இருப்பார். உழைப்பு வருமானம், மூலதன வருமானம் என்று பிரித்த தரவு எல்லா நாடுகளுக்கும் இங்கே கிடைக்காது. சாதி, இனம் போன்றவற்றுக்கு வேறு இடம் தேட வேண்டியதுதான்.

இன்னொரு குறை, வரைபடங்கள் தேவைக்கு மேல் அழகாக இருக்கின்றன. தரவு மெலிந்த நாட்டுக்கும் ஆண்டு விடாமல் கோடு ஓடும். இடையில் பல ஆண்டுகள் மதிப்பீடுதான். ஒரு நாட்டின் கோடு பல ஆண்டுகள் மட்டமாக நீண்டால், அங்கே எதுவும் மாறவில்லை என்று எழுதுவதற்கு முன் கோப்போடு வரும் விளக்கக் குறிப்பைத் திறந்து, எந்தெந்த ஆண்டுக்கு உண்மையான தரவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.