டொம்கற் டேற்றாசோஸ்: நெல்லு மில்லுக்குப் போட்டு ரெண்டு போகம் பாத்தாச்சு

பரந்தன் பக்கம் ஒரு நெல்லு மில்லுக்கு டொம்கற் எண்ட சேவரில ஓடுற மாதிரி ஜாவாவில ஒரு வெப் அப் செய்து குடுத்தனான், மூட்டைக் கணக்கு, ஈரம், குடுத்த காசு எல்லாம் அதிலதான் போகுது. முதல்ல டேற்றாபேஸ் பாஸ்வேட்டை, அப் முழுக்கப் பொதி பண்ணின வார் ஃபைலுக்குள்ளயே ஒரு ப்ரொப்பர்ட்டீஸ் ஃபைலில வச்சு, கனெக்ஷன் ஒண்டைத் திறந்து அதையே நாள் முழுக்கப் பாவிச்சனான். அந்த டேற்றாபேஸ் மைஎஸ்கியூஎல், அது சும்மா விட்டா 28,800 செக்கன், அதாவது 8 மணித்தியாலம் சும்மா கிடக்கிற கனெக்ஷனை வெட்டிவிடும், மில் பின்னேரம் 6 மணிக்குப் பூட்டினா விடியத்தான் திறக்கும், பிறகென்ன, காலபோக வெட்டு நேரம் விடிய முதல் ட்ரக்டர் வந்து நிக்கேக்க எரர். மில்லுக்கார அண்ணை போன் எடுத்து "தம்பி, பெட்டி பெட்டியா நெல்லு நிக்குது, உம்மட சாமான் இன்னும் எழும்பேல்லையோ" எண்டார்.

அதுக்குப் பிறகுதான் டொம்கற் 9இல ஜேஎன்டிஐ டேற்றாசோஸுக்கு, அதாவது கனெக்ஷன்களை டொம்கற்றே வச்சிருந்து கேக்கேக்க குடுக்கிற முறைக்கு, மாறினனான். டொம்கற்றின்ட கொன்ஃப் ஃபோல்டருக்குள்ள கட்டலினா, அதுக்குள்ள லோக்கல்ஹோஸ்ட், அங்க அப்பின்ட பேரில ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், அவ்வளவுதான். யூஆர்எல், யூசர்நேம், பாஸ்வேட் எல்லாம் அதில, என்ர கோட் டேற்றாசோஸின்ட பேரை மட்டும் சொல்லிக் கேக்கும். கிளிநொச்சியில என்ர லப்டொப்பில ஒரு பாஸ்வேட், மில்லில வேற, வார் ஃபைல் ஒண்டுதான். கனெக்ஷனைக் குடுக்க முதல் உயிரோட இருக்கோ எண்டு அதுவே பாக்குது, விடியக்காலத்துப் போன் நிண்டிட்டுது. டேற்றாபேஸோட கதைக்கிற ட்ரைவர் ஜார் ஃபைல் டொம்கற்றின்ட லிப் ஃபோல்டருக்குள்ள இருக்கோணும், அது விளங்க எனக்கு அரைநாள் போச்சு.

குறை இல்லாமலில்லை. சும்மா விட்டா கூடினது 8 கனெக்ஷன்தான், அது முடிஞ்சா எவ்வளவு நேரமெண்டாலும் காத்துக்கொண்டே நிக்கும், எரர் கூட வராது. என்ர ரிப்போர்ட் பக்கம் ஒண்டில கனெக்ஷனைக் க்ளோஸ் பண்ண மறந்துபோனன், எட்டுத் தரம் திறந்த பிறகு பக்கம் சுத்துது சுத்துது, நான் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தனான். எவ்வளவு நேரம் காத்திருக்கிறதெண்டு சொல்லுற மக்ஸ்வெயிட்மில்லிஸை 10,000 மில்லிசெக்கன் எண்டு போட்ட பிறகுதான் 10 செக்கனில எரர் வந்து பிழை பிடிபட்டது. இதைக் கட்டாயம் போடுங்கோ. பாஸ்வேட் வெறும் எழுத்தாத்தான் கிடக்கும், ஒளிச்சு வச்சாலும் திறப்பையும் பக்கத்திலயே வைக்கோணுமே, அதால ஃபைலை டொம்கற் யூசர் மட்டும் வாசிக்கிற மாதிரி 600 பெர்மிஷன் குடுத்திட்டு விட்டிட்டன்.

ஸ்பிரிங் பூட் எண்ட ஜாவா ஃப்ரேம்வேர்க்கில வேலை செய்யிறாக்கள் இதுக்கு மினக்கெடத் தேவையில்லை, 2.0இல இருந்து இதே வேலை செய்யிற ஹிக்காரி அதோடயே வருது, 10 கனெக்ஷன், 30 செக்கன் காத்திருப்பு எண்டு முதலே போட்டிருக்கு.

5க்கு 4 குடுப்பன். வெட்டின ஒண்டு ஏனெண்டா, புதுசு ஏத்த முதல் பழைய வாரை அழிச்சன், டொம்கற் அதோட அந்த எக்ஸ்எம்எல்லையும் சேத்துத் துடைச்சுப்போட்டுது, கொப்பி வைக்கேல்லை. இப்ப அழிக்கிறேல்லை, மேலால கொப்பி பண்ணுறன், ஃபைலின்ட கொப்பி ஒண்டு பென்ட்ரைவிலயும் கிடக்கு.