இதயத்தின் பக்கம் நின்று பார்த்தால் எந்த டயாலிசிஸ்?

டயாலிசிஸில் இருக்கும் சர்க்கரை நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதயம்தான். ஜெர்மனியில் 1,255 நோயாளிகளை வைத்து நடந்து 2005இல் வெளியான 4டி ஆய்வில், இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரை வீழ்த்தியது திடீர் இதய மரணம். அதனால் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் ரத்த டயாலிசிஸா, வயிற்றுக்குள் கரைசலை விட்டு வடிக்கும் வயிற்று டயாலிசிஸா என்ற கேள்வியை இதயத்திடமிருந்தே தொடங்குகிறேன்.

ரத்த டயாலிசிஸ் வழக்கமாக வாரம் 3 முறை, தடவைக்கு 4 மணி நேரம். உலர் எடை, அதாவது தேங்கிய நீர் இல்லாத எடை, 60 கிலோ உள்ளவர் எடை மேடையில் ஏறுகிறார்; முள் 64இல் நிற்கிறது. அந்த 4 லிட்டரையும் 4 மணி நேரத்தில் உறிஞ்சினால், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 17 மில்லி. 13ஐத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து என்பார்கள். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவரின் ரத்தக் குழாய்கள் வேண்டிய நேரத்தில் சுருங்கிக் கொடுப்பதில்லை. கொட்டாவி, வியர்வை, கெண்டைக்காலில் இழுப்பு, பிறகு ரத்த அழுத்தம் சரிவு. அந்த நேரத்தில் இதயத் தசையின் சில பகுதிகள் துவண்டு நிற்பது எக்கோவில் தெரியும். நோயாளிக்கோ நெஞ்சுவலிகூட இருக்காது.

என்னை அதிகம் உறுத்துவது வார இடைவெளி. 7 நாளில் 3 முறை என்றால் ஓரிடத்தில் 2 நாள் காலியாக விழும். நீரும் பொட்டாசியமும் அப்போதுதான் ஏறுகின்றன. அமெரிக்காவில் 32,065 பேரைக் கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு விகிதம் 100 நோயாளி ஆண்டுகளுக்கு (100 பேரை ஓராண்டு கவனித்ததற்குச் சமம்) 22.1, மற்ற நாள்களில் 18.0.

வயிற்று டயாலிசிஸில் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. நீர் நாள் முழுதும் மெல்ல வெளியேறுகிறது, மிச்சமிருக்கும் சிறுநீரும் கூடுதல் காலம் நீடிக்கிறது. விலை வேறு விதத்தில் வருகிறது: நீரை இழுக்கும் பொருளே குளுக்கோஸ். 1.5 சதவீதக் கரைசல் 2 லிட்டர் பையில் 30 கிராம். தினம் 4 பை என்றால் 120 கிராம், அதில் பாதிக்கு மேல் உடலுக்குள் போகிறது. சர்க்கரை, எடை, கொழுப்பு மூன்றும் ஏறும். வயிற்று உறையில் கிருமித் தொற்று வரும் அபாயம் தனி.

குளுக்கோஸுக்குப் பதில், நீரை இழுக்கும் மாற்றுப் பொருளான ஐகோடெக்ஸ்ட்ரின் உள்ள பை போடலாமே என்றால், அங்கே ஒரு பொறி இருக்கிறது. அது உடலில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாகச் சிதைகிறது. சில வகை குளுக்கோமீட்டர் பட்டைகள் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிக் காட்டும். திரையில் தெரியும் கூடுதல் எண்ணை நம்பி இன்சுலின் போட்டு, தாழ்சர்க்கரையில் மயங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. இந்தப் பை தொடங்கும் நாளிலேயே பட்டையின் வகையைச் சரிபார்த்தாக வேண்டும்.

எதில் அதிக நாள் வாழ்கிறார்கள்? நேரடிப் போட்டி நடத்துவது கடினம். நெதர்லாந்தில் 773 பேரிடம் கேட்டதில் எந்த டயாலிசிஸ் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யச் சம்மதித்தவர்கள் 38 பேர்தான். யார்தான் தன் உயிரைக் குலுக்கலில் விடுவார்? பதிவேடுகளை வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், வேறு பெரிய நோயில்லாத இளம் சர்க்கரை நோயாளிகளுக்கு வயிற்று முறை முந்தியது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த முறை. ஆனால் எந்த முறைக்கு யார் அனுப்பப்பட்டார்கள் என்பதும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறது.

என் தீர்ப்பு இது. சிறுநீர் இன்னும் ஓரளவு வருகிறது, பார்வை தெளிவு, கை நடுக்கம் இல்லை, இதயம் பலவீனம் என்றால் வயிற்று முறையில் தொடங்கலாம். சிறுநீர் நின்று, உடல் பருத்து, சர்க்கரை கட்டுக்கடங்காதவருக்கு ரத்த டயாலிசிஸ். ஆனால் நேரத்தைக் கூட்டியோ வாரத்தில் நான்காவது தடவையைச் சேர்த்தோ அந்த 2 நாள் இடைவெளியின் சுமையைக் குறைக்க முடியுமா என்று முதல் வாரமே கேட்டுவிட வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதி உள்ளவர் இரண்டையும் காத்திருக்கும் காலத்துக்கான ஏற்பாடாகவே கொள்ளலாம்.