பாட்டியின் கெம்பு அட்டிகை: உரைகல்லா, மெஷினா, உருக்கா?

பாட்டியின் கெம்பு அட்டிகையை எடுத்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். முதலில் நுழைந்த கடையில் எடை போட்டதுமே "உருக்கிடலாங்களா?" என்றார்கள். நான் தலையாட்டவில்லை. முன்பு இதே கேள்விக்குப் பெரியம்மா தலையாட்டிவிட்டார். அவருடைய தோட்டில் இருந்த கற்கள் ஒரு காகிதப் பொட்டலத்தில் திரும்பி வந்தன.

பழைய நகையில் 916 முத்திரையைத் தேடிப் பயனில்லை. நம் நாட்டில் தங்க நகைக்கு ஹால்மார்க் வந்ததே 2000-ல்தான். 1963-ல் 14 கேரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றுகூடச் சில காலம் சட்டம் இருந்தது. ஆக, மாற்றை, அதாவது தங்கத்தின் தூய்மையை, சோதித்துத்தான் அறிய வேண்டும்.

உரைகல்லில் இழைத்து, மாற்று தெரிந்த தங்கத்தின் கோட்டோடு வைத்து, அமிலம் தொட்டுப் பார்ப்பார் ஆசாரி. தேய்மானம் மிகக் கொஞ்சம். ஆனால் அது கண் சொல்லும் கணிப்பு. அரை கேரட் முன்னே பின்னே இருக்கும்.

கேரட் மெஷின் எக்ஸ்ரே கதிரால் பார்ப்பது. ஒரு கீறல்கூட விழாது. ஆனால் மேல்பரப்பை மட்டுமே அது படிக்கும். பற்றவைத்த இடத்தில் காட்டினால் மாற்று குறைவாக வரும், தகட்டில் காட்டினால் கூடுதலாக வரும். அதனால் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல் வைத்த நகைக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

உருக்கிப் பார்ப்பதுதான் துல்லியம், சந்தேகமில்லை. அறுந்த சங்கிலி, நசுங்கிய வளையல் என்றால் தாராளமாக உருக்கலாம். அட்டிகைக்கு மட்டும் வேண்டாம்; உருக்கிய பின் அட்டிகை இருக்காது.

அப்புறம், எடைக்கு விற்பதா, முழு நகையாக விற்பதா? கணக்கைப் பாருங்கள். தராசில் 40 கிராம், அதாவது 5 பவுன் என்று வைத்துக்கொள்வோம். கல்லும் உள்ளே அடைத்த அரக்கும் 9 கிராம் போனால் மீதி 31. அது 20 கேரட் என்றால், 22 கேரட் கணக்கில் 28 கிராம் சொச்சம், மூன்றரை பவுன். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படித்தான் வரும். அந்தக் காசுக்குப் புது அட்டிகை வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் மேலே ஏறும். பாட்டி காலத்துக் கைவேலைக்கு மட்டும் அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழம்பொருள் சேகரிப்பவர்தான் அதற்கு விலை தருவார். அவர் கிடைக்கும்வரை காத்திருக்க முடிந்தால் முழு நகையாகவே விற்பது மேல்.

காசுமாலைக்கு இன்னொரு கவனம் வேண்டும். அதில் கோத்திருப்பது அசல் பிரிட்டிஷ் சவரனாக இருந்தால் ஒவ்வொன்றும் 7.988 கிராம், 22 கேரட். ஆண்டையும் தலையையும் பார்க்காமல் எடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் விலை குறையும், அது உண்மை.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள், நகை 100 வருடத்தைத் தாண்டியதா என்று முதலில் விசாரியுங்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அந்த வயதுக் கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

நான் அறுந்த சங்கிலியை மட்டும் உருக்கக் கொடுத்தேன். அட்டிகையை இரு பக்கமும் படம் எடுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, ஆடிய இரண்டு கற்களை ஆசாரியின் பட்டறையில் எதிரிலேயே உட்கார்ந்து இறுக்கி வாங்கி வந்தேன்.